ஓட்டியது நான்தான்

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்த எஸ்றா சாரை, சைக்கிளில்கூட ஒருத்தரை முந்திப் போய் யாரும் பார்த்ததில்லை. முருகன்குறிச்சி சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே பிரேக்கைப் பிடித்துவிடுகிற ரகம். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டுப் போவான். சார் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஐம்பத்தாறு வயதில் கடல் தாண்டிப் போய், மூன்று நாடுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். போன கூத்தை ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. போன இடத்தில் நடந்ததைத்தான் ஊர் பார்க்கவில்லை.

கூடப் போனது மேலப்பாளையம் அகமது மீரான். இரண்டு பேருக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. மீரான் பத்தாம் வகுப்போடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, சவூதியில் தபூக் என்கிற ஊருக்குப் போனார். இருபத்திரண்டு வருஷம் அங்கே லாரி. பிறகு ஊருக்கு வந்து பெயிண்டுக் கடை வைத்தார். எஸ்றா ஒரு வார்த்தை பேசுவதற்குள் மீரான் பத்து பேசிவிடுவார். "அரபுநாட்டைப் பத்தி என்கிட்ட கேளுலே" என்று ஆரம்பித்தாரென்றால் முன்னால் வைத்த டீ ஆறிப்போகும். அவர் அறியாத சட்டம் கிடையாது, பழகாத போலீஸ் கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

எஸ்றாவுக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது மிஷன் கோயிலில் நடந்த அசன விருந்தில். பந்தியில் சாம்பார் வாளியோடு போனவர், இலையை விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாதிரியார் ஐயரவர்களின் மடியில் ஒரு கரண்டி ஊற்றினார். ஐயர் துள்ளி எழுந்தார், பந்தியே சிரித்தது. எஸ்றாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த ஓரத்தில் ஓர் ஆள் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் மூச்சு விடாமல், ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது, சொந்தத்துக்குள் கட்டிக்கொண்ட குடும்பங்களில் வருவதுண்டு, மருந்து கிடையாது என்றார். நேரே இருக்கிறது மட்டும் ஒரு குழாய் வழியே பார்க்கிறது மாதிரித் தெரியும், அந்தக் குழாயும் நாளுக்கு நாள் சுருங்கும், பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம். வண்டி ஓட்டக்கூடாது என்று காகிதத்தில் எழுதியே கொடுத்தார். அது இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஆகஸ்ட் மாதம். எஸ்றா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, பள்ளிக்கூட ஆபீசில் பழைய வருகைப் பதிவேடுகள் இருக்கிற பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். மனைவி சாரம்மாளிடம் சொல்லவில்லை. மகள் ரீபாவிடமும் சொல்லவில்லை. மீரானிடம் மட்டும் சொன்னார்.

குறுக்குத்துறை ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொன்னார். மீரான் ஒரு கல்லை எடுத்து ஆற்றில் வீசிவிட்டுக் கேட்டார்.

"எத்தனை நாள் இருக்குன்னான்?"

"ரெண்டு வருஷம். மிஞ்சிப்போனா மூணு."

"அதுக்குள்ள என்ன பாக்கணும்லே உனக்கு?"

எஸ்றாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "யோர்தான் நதி" என்றார். ஞாயிறுப் பள்ளியில் கேட்க ஆரம்பித்த பெயர். ஐம்பது வருஷம் கேட்டும் பாடியும் ஜெபித்தும் வந்த ஒரு தண்ணீரை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும்.

"அம்புட்டுதானே? நான் லாரி ஓட்டுன ஊருக்குப் பக்கத்து நாடுதான். வண்டியிலேயே போவோம்."

"வண்டியிலயா! பிளேன்ல போகலாமே."

"பிளேன்ல போயி, ஏசி பஸ்ல ஐயரு கூட இறங்கி, பாட்டில்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு வரதுக்கு நான் எதுக்குலே? உனக்கு நேரே பாத்தா தெரியுதுல்லா? ரோடு நேரேதான் கெடக்கு. பாத்துக்கிட்டே போ. ஓரத்துல இருக்கிறதை நான் பாத்துக்கிடுதேன்."

பைத்தியக்காரத்தனம்தான். அதைக் கேட்ட இடத்திலேயே எஸ்றா எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் ஆயுசில் ஒருத்தரையும் முந்திப் போகாத மனுஷனுக்கு, கண் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பேச்சு தேனாக இருந்தது. "சரிலே" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மீரான் ஒரு முறை கண்டுபிடித்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி புல்லட் வாங்கினார்கள். ரோடு வேலைக்காரர்கள் போடுகிற பளபளா மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மீரான் முன்னால் போவார். எஸ்றா ஐம்பது அடி பின்னால், அந்த மஞ்சளைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வருவார். இடது ஓரத்திலிருந்து எதுவும் வந்தால் மீரான் ஒரு ஹார்ன் அடிப்பார். வலது ஓரமென்றால் இரண்டு. நீளமாக அடித்தால் நின்றுவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும், அதில் பேச்சே கிடையாது. ஒரு வருஷம், சனிக்கிழமை தவறாமல், பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் வழியாகப் பாபநாசம் வரை போய் வந்து பழகினார்கள். வைக்கோல் லாரி, மினி பஸ், ரோட்டில் காயப்போட்ட நெல், நடு ரோட்டில் படுத்துக் கிடக்கிற எருமை எல்லாவற்றையும் கடந்து போய் வந்தார்கள். ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. அதனால் வந்த தைரியம்தான் குடியைக் கெடுத்தது.

இதற்கு நடுவில் மீரானுக்கு இன்னொரு பழக்கம் தொற்றிக்கொண்டது. ரோட்டில் யாராவது வணக்கம் சொல்லி எஸ்றா கவனிக்காமல் போனால், மீரான் முந்திக்கொள்வார். "பாத்தான், பாத்தான். ஏதோ யோசனையில போறான், நீரு தப்பா எடுத்துக்கிடாதீரும் வே." கல்யாண வீட்டில் எஸ்றா நாற்காலியில் முட்டிக்கொண்டால், "பாத்துட்டுத்தான் வந்தான், நான்தான் தள்ளிவிட்டுட்டேன்" என்பார். எஸ்றாவின் கண்ணைப் பற்றி ஒருத்தர் வாயிலும் பேச்சு வந்துவிடக் கூடாது என்று அந்த மனுஷன் காவல் காத்தார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்சுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டியிருந்தது. அதையும் மீரானே வாங்கிவந்தார். கையெழுத்துப் போட்ட டாக்டர் தலையை நிமிர்த்தி எஸ்றாவைப் பார்க்கக்கூட இல்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஜனவரி கடைசியில் கிளம்பினார்கள். பாளையங்கோட்டையில் ஐயர் ஜெபம் பண்ணினார், மேலப்பாளையத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். ஒரு பத்திரிகைக்காரர் இரண்டு பேரையும் தோள்மேல் கைபோட வைத்துப் படம் எடுத்து, நல்லிணக்கப் பயணம் என்று போட்டார். நல்லிணக்கமாம்! ஒருத்தன் கண்ணுக்காக இன்னொருத்தன் போனான், அவ்வளவுதான். கொச்சியிலிருந்து கப்பலில் போன வண்டிகளைத் துபாயில் எடுத்தார்கள். எமிரேட்ஸ் தாண்டி, சவூதிக்குள் புகுந்தார்கள். மீரான் மக்காவுக்கு உம்ரா செய்யப் போன மூன்று நாளும் எஸ்றா தாயிஃபில் ஒரு மலையாளியின் லாட்ஜில் இருந்து துணி துவைத்தார். தபூக்கில் மீரானின் பழைய முதலாளி ஆடு வெட்டி விருந்து வைத்தார்.

அந்தப் பதினெட்டு நாளும் எஸ்றா சந்தோஷமாக இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெறும் மணல், நேரான ரோடு, முன்னால் ஒரு மஞ்சள் சட்டை. குழாய் வழியே பார்த்தாலும் குறையாத காட்சி. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே போனார். அப்படிச் சிரித்தது அவருக்கு வேறெப்போதும் நினைவில்லை.

ஜோர்டானில் இரண்டாவது நாள். காலையில் மீரானின் வண்டி பஞ்சர், ஒட்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. நாலு மணிக்கு ஒரு சின்ன ஊரில் மீரான் நீளமாக ஹார்ன் அடித்து நிறுத்தினார்.

"இங்கன தங்கிருவோம்லே. விடிஞ்சு போவோம்."

போர்டைக் கிட்டே போய்ப் பார்த்த எஸ்றா, "ஆத்துக்கு நாப்பது கிலோமீட்டர்தான் இருக்கு" என்றார்.

"நாப்பதோ நாலோ. மணி நாலு."

"விடிஞ்சா கண்ணு தெரியுமோ தெரியாதோன்னுதான் ஒவ்வொரு நாளும் படுக்கேன் மீரான். இவ்வளவு கிட்ட வந்துட்டு என்னால படுக்க முடியாது. ஒரு மணி நேரம். பைய போவோம்."

மீரான் முடியாது என்றார். எஸ்றா கெஞ்சினார், அப்புறம் கோபப்பட்டார், அப்புறம் பேசாமல் நின்றார். அந்தப் பேசாமல் நிற்பதைத்தான் மீரானால் தாங்க முடியாது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வா, தொலை" என்றார்.

மேற்கே போகிற ரோடு. வெயில் நேரே முகத்தில் அடித்தது. வலது ஓரத்தில் ஓர் ஆள் ரொட்டிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மீரான் பார்த்தார். நிற்கிற ஆளுக்கு எதற்கு ஹார்ன் என்று கடந்து போனார். ஒரு வண்டி போய்விட்டது, இனி ரோடு காலி என்று அந்த ஆள் ரோட்டில் இறங்கினார். ஐம்பது அடி பின்னால் எஸ்றா.

எஸ்றாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடி மட்டும் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால், அந்தக் குழாய்க்குள் முதலில் சிதறின ரொட்டிதான் வந்தது. அப்புறம் நரைத்த தாடி. மூச்சு இல்லை. அறுபது வயதுக்குக் குறையாது. ரோட்டில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

மீரான் அந்த மனுஷனின் கண்ணை மூடிவிட்டு, ஏதோ ஓதினார். ஓதி முடித்துவிட்டு எஸ்றாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இங்க பாருலே. ஓட்டுனது நான். காலையில வண்டி மாத்திக்கிட்டோம். புரியுதா?"

"ஏம்லே, நான்லா..."

"வாயை மூடு. உன் கண்ணைச் சோதிச்சான்னா, குருடன்னு தெரிஞ்சே ஓட்டுனேன்னு உள்ள தூக்கிப் போட்டுருவான். நீ வெளிய வரவே மாட்டே. உனக்குப் பாஷையும் தெரியாது. எனக்குக் கண்ணு நல்லாருக்கு, லைசென்சு நல்லாருக்கு. இவனுவகிட்ட இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். விபத்துதான்னு சொன்னா ரெண்டு நாள்ல விட்டுருவான்."

எஸ்றா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினாரா, சரி என்று ஆட்டினாரா என்று பின்னாளில் அவர் ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். சரி என்றுதான் ஆட்டினார்.

மீரான் கணக்குப் போட்டதில் பாதி சரி. விபத்து என்று முடிந்திருக்க வேண்டிய கேஸ்தான். ஸ்டேஷனில் விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்தார். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: நேரான ரோடு, வெளிச்சமும் இருந்திருக்கிறது, உன் கண்ணுக்கு ஏன் அந்த ஆள் தெரியவில்லை?

கண் என்ற சொல் காதில் விழுந்ததும் மீரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய கண்ணைச் சோதித்தால்தான் என்ன, ஒரு குறையும் இல்லையே! வெயில் அடித்தது, தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் போயே போச்சு. ஆனால் ஒன்றரை வருஷமாக ஊரெல்லாம் "பாத்தான், பாத்தான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகின நாக்கு, யோசிக்கிறதுக்கு முன்னால் புரண்டுவிட்டது.

"பார்த்தேன்" என்று அரபியில் சொன்னார். "நல்லாப் பார்த்தேன். அவர் இறங்குறதுக்குள்ள போயிரலாம்னு நினைச்சேன்."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். பார்த்தும் நிறுத்தவில்லை. தெரியாமல் நடந்த விபத்து அந்த ஒரு வரியில் வேறு குற்றமாகிவிட்டது. அந்தக் காகிதத்துக்குக் கீழே, கூட வந்தவரின் சாட்சியம் என்று எஸ்றாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். எழுத்து புரியாவிட்டாலும் என்ன எழுதியிருக்கிறது என்று எஸ்றாவுக்கு நன்றாகத் தெரியும். போட்டார். முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட கை, நடுங்கவில்லை.

இருபது நாள் கழித்து எஸ்றா, யோர்தானைப் பார்க்காமலேயே, தனியாகத் திரும்பி வந்தார். அந்த வருஷம் நவம்பரில் மீரானுக்கு ஐந்து வருஷம் தீர்ப்பானது. இறந்தவரின் மகன்கள் ராஜியாகிப் போக ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே எங்கள் அத்தாவை இடித்தவன் என்றார்கள். அவர்களை எந்த வாயால் குறை சொல்ல? அவர்களிடம் சொல்லப்பட்டதே அதுதான்.

எஸ்றா வெள்ளிக்கிழமைதோறும் மேலப்பாளையத்துக்குப் போனார். மீரானின் மனைவி மைதீன் பாத்திமாவுக்கு மனு எழுதிக்கொடுப்பார். எம்பஸிக்கு, கலெக்டருக்கு, எம்.பி.க்கு, டெல்லிக்கு. மனு எழுதுவதில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. பன்னிரண்டு மனு எழுதினார். பன்னிரண்டும் அவ்வளவு உருக்கம். எழுத வேண்டிய ஒரு வரியை மட்டும் பன்னிரண்டிலும் எழுதவில்லை.

அதற்குக் காரணம் கேட்டால் நிறைய வைத்திருந்தார். ஜெயிலிலிருந்து மாதம் இரண்டு தடவை போன் வரும். பாத்திமா பேசிவிட்டுக் கொடுத்தால், மீரான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார்: "ஏலே, வாயைத் திறந்துராதே. இப்ப மாத்திச் சொன்னா பொய்சாட்சின்னு உனக்கும் சேத்துப் போடுவான். ரெண்டு பேரு குடும்பமும் தெருவுக்கு வரணுமா?" அது ஒரு காரணம். ரீபாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள், கல்யாணம் முடியட்டும். அது ஒன்று. கல்யாணம் முடிந்தது. ரீபா முழுகாமல் இருந்தாள், பிள்ளை பிறக்கட்டும். பிறந்தது. அதெல்லாம் வெறும் சாக்கு. நடுச்சாமத்தில் விழித்தாலும் பகலில் விழித்தாலும் எஸ்றாவுக்கு உண்மைக் காரணம் தெரியும். உள்ளே இருப்பது தான் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை அவர் வெறுத்தார், ஆனால் அதை விடவும் முடியவில்லை.

குழாய் சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாயிரத்து இருபத்துநாலில் பள்ளிக்கூடத்தில் பைலைப் படிக்க முடியாமல், விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். அப்போதுதான் சாரம்மாளுக்கே விஷயம் தெரிந்தது. இப்போதுதான் ஆரம்பித்தது என்று அவளிடம் சொன்னார். அடுத்த வருஷம் ஈஸ்டருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பகல் வந்தால் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்த போனில் மீரானின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சுகர் ஏறி, இடது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்களாம். புண் ஆறவில்லையாம். "ஒண்ணுமில்லலே, நடக்க மட்டும் கொஞ்சம் சிரமம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்து பேசுகிற ஆள் அன்றைக்கு அந்த ஒன்றைத்தான் பேசினார். போன் வைத்த பிறகு பாத்திமா அழுத அழுகையை எஸ்றா பார்க்கவில்லை, கேட்டார். பார்த்ததைவிட அது மோசமாக இருந்தது.

மறுநாளே சாரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, சமாதானபுரத்தில் வக்கீல் வேதமுத்து ஆபீசுக்குப் போனார். ஓய்வின்போது பள்ளிக்கூட பீரோவிலிருந்து எடுத்துவந்திருந்த, கண் டாக்டரின் அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஒன்று விடவில்லை. பக்கத்தில் சாரம்மாளின் மூச்சுச் சத்தம் நின்று நின்று வந்தது.

வேதமுத்து நல்ல மனுஷர். குறுக்கே பேசாமல் கேட்டார். காகிதத்தை எடுத்துப் படித்தார்.

"அண்ணாச்சி, கோவப்படக்கூடாது. வண்டி ஓட்டுனது நீங்கன்னு சொல்லுதிய. இந்தக் காகிதம் என்ன சொல்லுதுன்னா, ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுலயே உங்களால வண்டி ஓட்ட முடியாதுன்னு சொல்லுது. நீங்க போனது இருபத்துமூணுல. அப்போ மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுனது யாரு?"

"நான்தான் வே! கண்ணு தெரியாமத்தான் ஓட்டுனேன்."

"எப்படி?"

எஸ்றா சொன்னார். மஞ்சள் சட்டை. இடதுக்கு ஒரு ஹார்ன். வலதுக்கு இரண்டு. அந்த ஆபீசில், ஃபேன் சத்தத்துக்கு நடுவில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்லும்போது, அது பிள்ளைகள் விளையாட்டு மாதிரி அவர் காதுக்கே கேட்டது. வேதமுத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, அவர் கைமேல் கையை வைத்தார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது அண்ணாச்சி. உள்ள கெடக்குறது உங்க கூட்டாளி. அனுப்பி வைக்கேன். ஆனா நம்புவானுவளான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

திரும்பி வருகையில் ஆட்டோவில் சாரம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நடந்துச்சோ நடக்கலையோ, இனி யாருகிட்டயும் இதைச் சொல்லாதிய. ரீபா ஒரு வீட்டுல வாழப் போயிருக்கா." அவள் நம்பினாளா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. எம்பஸியிலிருந்து ஓர் அதிகாரி ஜெயிலுக்கே போய் மீரானிடம் கேட்டிருக்கிறார். மீரான் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்கள். என் சினேகிதனுக்குக் கண் தெரியாது, அவன் எப்படி ஓட்டியிருக்க முடியும், என்மேல் உள்ள பிரியத்தில் இப்படிச் சொல்கிறான், அவனை ஒன்றும் செய்துவிடாதீர்கள். இணைத்துள்ள மருத்துவச் சான்றும் இதையே உறுதிப்படுத்துவதால், மேல்நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை. வேதமுத்து படித்துக்காட்டினார். எஸ்றா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இன்னொரு தடவை படித்தார்.

ஊரும் உலகமும் நம்பாவிட்டால் போகட்டும், பாத்திமா ஒருத்தியாவது நம்பட்டும், அவள் வாயால் ஒரு சாபம் வாங்கினாலாவது நெஞ்சு ஆறும் என்று எஸ்றா அந்த வெள்ளிக்கிழமை தனியாகவே ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனார். ஆட்டோக்காரர் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. பாத்திமா ஓடிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் உட்காரவில்லை.

"பாத்திமா, நான் சொல்லுததைக் குறுக்க பேசாம கேளும்மா. அந்த மனுஷனைக் கொன்னது மீரான் இல்ல. நான். வண்டியை ஓட்டுனது நான்தான். உன் மாப்பிள்ளை அனுபவிக்கிறது என் தண்டனை. ரெண்டரை வருஷமா உன் வீட்டுல வந்து டீ குடிச்சிக்கிட்டு, உன்கிட்ட இதை மறைச்சிட்டேன்."

தறிச் சத்தம் நின்றது, பக்கத்து அறையில் மகள் தஸ்மியாவும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. எஸ்றா கன்னத்தில் ஓர் அறை விழும் என்று காத்துக்கொண்டு நின்றார். விழ வேண்டும் என்று விரும்பினார்.

"வக்கீலு சாரு எல்லாம் சொன்னாவ அண்ணே" என்றாள் பாத்திமா. "அவரு கூடப்பிறந்த காக்காமாரு நாலு பேரு இருக்காவ, ஒருத்தரும் இந்த வாசல்ல எட்டிப் பாக்கல. நீங்க கண்ணுபோன மனுஷன், அவருக்குப் பதிலா நான் போறேன்னு நிக்கிறிய. அவரு சொன்னாருல்லா, உங்களால ஓட்டவே முடியாதுன்னு."

"அவன் பொய் சொல்லுதாம்மா!" எஸ்றா கத்திவிட்டார். "என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுதான்! நம்பும்மா, ஆண்டவர் மேல ஆணையா நான்தான் ஓட்டுனேன்!"

"ஆணையெல்லாம் போடாதிய அண்ணே, பாவம் சுத்தும். தஸ்மியா, மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

தண்ணீர் வந்தது. அவர் கையில் டம்ளரைப் பிடிக்கவைத்து, விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டது பாத்திமாதான். அப்புறம் அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தது சேலைச் சத்தத்தில் தெரிந்தது. அவள் அழத் தொடங்கியிருந்தாள்.

"நான்தான் அண்ணே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டரை வருஷமா நெஞ்சுல கெடந்து குடையுது. நீங்க மட்டும் தனியாத் திரும்பி வந்தியள்லா, அன்னைக்கு நான் உங்க மேல சந்தேகப்பட்டேன். ஒருவேளை இவருதான் ஓட்டியிருப்பாரோ, எம் மாப்பிள்ளை தலையில கட்டிட்டு வந்துட்டாரோன்னு நினைச்சேன். தொழுகைப் பாயில உக்காந்து உங்க பேரைச் சொல்லி ஏசியிருக்கேன், அல்லா மன்னிக்கட்டும். நீங்க நாசமாப் போகணும்னு கேட்டிருக்கேன். அதுக்கப்புறம்தான் உங்களுக்குக் கண்ணு போச்சு. என் துஆதான் உங்க கண்ணைப் பறிச்சுட்டோன்னு எனக்கு ராத்தூக்கமே இல்ல. இம்புட்டு நல்ல மனுஷனைப் போயி... என்னைப் பொறுத்துக்கோங்க அண்ணே."

"அய்யோ, வேண்டாம்மா" என்றார் எஸ்றா. "நீ நினைச்சதுதான்..."

"பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அவர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். ஹார்னைச் சொன்னார், மஞ்சள் சட்டையைச் சொன்னார், ரொட்டிக் கட்டைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடியதே தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அவள் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளை எழுப்ப வேறு வழி தெரியவில்லை.

"பொறுத்துக்கிட்டேம்மா" என்றார் எஸ்றா.

பாத்திமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, டீ போட உள்ளே போனாள்.